கப்பிட்டலும் சிம்பிளும்: கணினிக்கு எது ஒரே பெயர்?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலும் நடுவில் வந்தாலும் அ என்றால் அ தான். சிங்களத்திலும் அப்படித்தான். ஆங்கிலம் படிக்கத் தொடங்கும்போதுதான் நமது பிள்ளைகள் ஒரே எழுத்துக்கு இரண்டு உருவங்களை எழுதிப் பழகுகிறார்கள்: ஒன்று கப்பிட்டல், மற்றது சிம்பிள். (சிறிய எழுத்தைச் சிம்பிள் என்பது இலங்கை வழக்கு. வெளியே போய்ச் சொன்னால் பலருக்கு விளங்காது.) வகுப்பறையில் கப்பிட்டல் போட மறந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுவார், விடயம் அத்தோடு முடிந்துவிடும். கணினியில், அதிலும் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை செய்பவர்களுக்கு, அது அத்தோடு முடிவதில்லை.

பழைய காணி உறுதிகளையும் குடும்பப் படங்களையும் படம்பிடித்துச் சேமிக்கும் தன்னார்வக் குழு ஒன்றை எனக்குத் தெரியும். ஒருவர் கமராவில் எடுத்தார், மற்றவர்கள் கைத்தொலைபேசியில் எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு லினக்ஸ் மடிக்கணினியின் ஒரே கோப்புறைக்குள் கொட்டினார்கள். அங்கிருந்து வெளி வன்தட்டுக்கு ஒரே கட்டளையில் பிரதி செய்தார்கள். பிரதி செய்யும் கட்டளையான சிபி, அதன் பின் நட்சத்திரக்குறி, புள்ளி, சிம்பிள் எழுத்துகளில் ஜேபிஜி. ‘ஜேபிஜி என்று முடியும் எல்லாவற்றையும் பிரதி செய்’ என்பது அதன் பொருள். கட்டளை சத்தமில்லாமல் முடிந்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பிறகு மடிக்கணினியின் கோப்புறையையும் கமராவின் மெமரி காட்டையும் வெறுமையாக்கினார்கள். சில நாட்கள் கழித்து வன்தட்டைத் திறந்தபோது அதில் கைத்தொலைபேசிப் படங்கள் மட்டுமே இருந்தன. கமராவில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. செல்லரித்த உறுதிகளைத் தேடி மறுபடியும் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. சில வீடுகளில் இரண்டாம் தடவை அவற்றைக் காட்ட ஆள் இருக்கவில்லை.

கமரா தன் கோப்புகளின் பெயரைக் கப்பிட்டலில் ஜேபிஜி என்று முடித்திருந்தது என்பதுதான் காரணம். எண்முறைக் கமராக்கள் பின்பற்றும் டிசிஎஃப் என்ற நெறி 1998 இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும், கடைசி நான்கும் இலக்கங்களாக இருக்க வேண்டும், ஆங்கில எழுத்தென்றால் கப்பிட்டலாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் சிம்பிளில் எழுதுகின்றன. இரண்டையும் ஒரு கோப்புறைக்குள் போட்டால், மனிதக் கண்ணுக்கு எல்லாமே ஜேபிஜி. ஆனால் கட்டளைக்கு அவை இரண்டு வேறு வகைகள்.

இதில் யாரும் எதையும் பிழையாகத் தட்டச்சு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கணினியும் சொன்னதைச் சரியாகவே செய்தது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘இந்த இரண்டும் ஒரே பெயரா?’ என்ற கேள்விக்கு ஒரு கணினிக்குள் ஒரே ஆள் பதில் சொல்வதில்லை. குறைந்தது இரண்டு பேர் சொல்கிறார்கள். அவர்கள் இருவரும் எப்போதும் ஒத்துப்போவதுமில்லை.

முதலில் எழுத்துகளின் இலக்கங்களைப் பார்ப்போம். கணினிக்கு எழுத்து என்பது ஓர் இலக்கம். ஆஸ்கி என்ற குறியீட்டு முறையில் கப்பிட்டல் ஏ என்பது 65, சிம்பிள் ஏ என்பது 97. இடைவெளி 32, அதாவது இரும எண்ணில் ஒரே ஒரு பிட். இருபத்தாறு எழுத்துகளுக்கும் இதே இடைவெளிதான். ஆஸ்கி 1963 இல் முதலில் வெளிவந்தபோது அதில் சிம்பிள் எழுத்துகளே இருக்கவில்லை, 1967 இன் திருத்தத்தில்தான் அவை சேர்ந்தன. அந்தக் காலத்துத் தொலைத்தட்டச்சு இயந்திரங்கள் பலவற்றில் கப்பிட்டல் மட்டும்தான் அடிக்கலாம். யுனிக்ஸ் இயங்குதளம் 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகத் தொடங்கியபோது, அதைச் செய்த கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் சிம்பிள் எழுத்துகளையே விரும்பிப் பாவித்தார்கள். கட்டளைகள் எல்லாம் சிம்பிளில் இருப்பது அதனால்தான். பெயர் ஒப்பீட்டில் அவர்கள் எடுத்தது மிக எளிய வழி: இலக்கங்கள் ஒன்றானால் பெயர் ஒன்று, ஓர் இலக்கம் மாறினாலும் பெயர் வேறு. 65 உம் 97 உம் ஒரே எழுத்தின் இரு முகங்கள் என்ற அறிவு அந்த இயங்குதளத்தின் கோப்பு முறைமைக்குத் தேவைப்படவில்லை. இன்றைய லினக்ஸ் அந்த வழியில்தான் வருகிறது.

இப்போது நட்சத்திரக்குறிக்கு வருவோம். பலருக்கு விளங்காத இடம் இதுதான்.

நீங்கள் தட்டச்சு செய்யும் கட்டளையை முதலில் வாசிப்பது ஷெல் என்ற நிரல். லினக்ஸில் அது பெரும்பாலும் பாஷ். நட்சத்திரக்குறியைக் கண்டதும் ஷெல் ஒரு வேலை செய்கிறது. கோப்புறையைத் திறந்து அதிலுள்ள பெயர்கள் அத்தனையையும் வாங்கி, ஒவ்வொன்றையும் நீங்கள் தந்த வார்ப்போடு ஒப்பிட்டு, பொருந்தும் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதி, அந்தப் பட்டியலைத்தான் பிரதி செய்யும் நிரலிடம் கொடுக்கிறது. சிபி என்ற அந்த நிரல் நட்சத்திரத்தைக் கண்ணால் காண்பதில்லை. அதற்குக் கிடைத்தது இருபது பெயர்கள் என்றால் இருபதையும் பிரதி செய்துவிட்டு ‘முடிந்தது’ என்று திரும்பும். விடுபட்ட முப்பது பெயர்களைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பெயரும் பொருந்தவில்லை என்றால் பாஷ் நட்சத்திரக்குறியை அப்படியே நிரலிடம் கொடுத்துவிடும், நிரல் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று முறையிடும். எனவே முழுத் தோல்வி தெரியவரும், பாதித் தோல்வி தெரியவராது. அந்தக் குழுவுக்கு நடந்தது பாதித் தோல்வி.

ஆரம்ப யுனிக்ஸில் இந்த விரிவாக்க வேலையைக் குளோப் என்ற தனி நிரல் செய்தது. பின்னர் அந்த வேலை ஷெல்லுக்குள்ளேயே போய்விட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் வார்ப்பை வைத்துக் கோப்புப் பெயர் பொருத்துவதைக் குளோப் என்றுதான் சொல்கிறார்கள்.

விண்டோஸின் பழைய கட்டளைத் திரை இதற்கு நேர்மாறு. அங்கே நட்சத்திரம் விரிக்கப்படாமலே நிரலிடம் போகிறது, நிரல் கோப்பு முறைமையிடம் கேட்கிறது. விண்டோஸின் கோப்பு முறைமை வழக்கமாகக் கப்பிட்டல், சிம்பிள் பேதம் பார்ப்பதில்லை. ஆகவே அதே வார்ப்பு அங்கே இரண்டு வகைப் படங்களையும் பிடித்துவிடும். விண்டோஸில் வளர்ந்த ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பேதத்தைச் சந்திக்காமலே லினக்ஸுக்கு வந்து சேரலாம். வந்த முதல் நாளே அது காலை வாரலாம்.

மெக் கணினியில் இன்னும் வேடிக்கை. அதன் கோப்பு முறைமை இயல்பாகப் பேதம் பார்க்காது, ஆனால் அதில் ஓடும் பாஷ் ஷெல் பார்க்கும். மாங்கோ என்ற ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்பு, முதல் எழுத்து கப்பிட்டல் எம் என்று வையுங்கள். பெயர் முழுவதையும் சிம்பிளில் தட்டச்சு செய்து கேட்டால் கோப்பு கிடைக்கும், ஏனென்றால் நட்சத்திரம் இல்லாத பெயரை ஷெல் தொடுவதில்லை, அது நேரே கோப்பு முறைமைக்குப் போகிறது. சிம்பிள் எம் போட்டு நட்சத்திரக்குறியிட்டுக் கேட்டால் கோப்பு இல்லை என்று வரும், ஏனென்றால் ஒப்பிட்டது ஷெல். லினக்ஸில் பாஷுக்கு ‘குளோப் செய்யும்போது பேதம் பார்க்காதே’ என்று சொல்லும் ஒரு தெரிவு உண்டு, அதன் பெயர் நோகேஸ்குளோப். அதை இயக்கினால் விளைவு அப்படியே தலைகீழாகும். நட்சத்திரத்தோடு கேட்டால் கிடைக்கும், முழுப் பெயரையும் சிம்பிளில் எழுதிக் கேட்டால் கிடைக்காது. இரண்டு நீதவான்கள் ஒரே வழக்கை விசாரிப்பது போலத்தான்.

இந்தத் தெரிவை நிரந்தரமாக இயக்கி வைக்கும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரதி செய்யும்போது அதிகமாகப் பிடிப்பது நல்லது, அழிக்கும்போது அதிகமாகப் பிடிப்பது ஆபத்து. ஷெல்லுக்கு நீங்கள் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பது தெரியாது. தேவைப்படும் இடத்தில் மட்டும் இயக்கி, உடனே அணைப்பதே என் வழக்கம்.

அழிப்பது என்றதும் சொல்லியாக வேண்டிய இன்னொன்று இருக்கிறது. குளோப் வார்ப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு எல்லையைக் கொடுக்கலாம்: சிம்பிள் ஏ முதல் சிம்பிள் இசட் வரை. ‘சிம்பிள் எழுத்தில் தொடங்கும் கோப்புகள்’ என்பதுதானே இதன் பொருள்? ஆஸ்கி வரிசையில் ஆம். அங்கே கப்பிட்டல்கள் எல்லாம் 65 முதல் 90 வரை ஒரு கூட்டமாகவும் சிம்பிள்கள் 97 முதல் 122 வரை இன்னொரு கூட்டமாகவும் இருக்கின்றன. (நிரலோடு வரும் ‘முதலில் என்னை வாசி’ என்ற கோப்புக்கு முழுக் கப்பிட்டலில் பெயர் வைக்கும் மரபு இதனால்தான் பயன்பட்டது. பட்டியலில் அது மேலே வந்து நிற்கும்.) ஆனால் கணினியில் மொழி, நாட்டு அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலம் என்று அமைத்தால் எழுத்துகளின் வரிசை அகராதி வரிசையாக மாறலாம்: சிம்பிள் ஏ, கப்பிட்டல் ஏ, சிம்பிள் பி, கப்பிட்டல் பி என்று சோடி சோடியாக. இந்த வரிசையில் சிம்பிள் ஏயில் தொடங்கிச் சிம்பிள் இசட்டில் நிறுத்தினால் நடுவிலுள்ள கப்பிட்டல்கள் அத்தனையும் உள்ளே வந்துவிடும். கடைசியிலுள்ள கப்பிட்டல் இசட் ஒன்றுதான் தப்பும்.

தற்காலிகக் கோப்புகளைச் சிம்பிளிலும் முக்கியமானவற்றைக் கப்பிட்டலிலும் தொடங்கிப் பெயரிட்டு வைத்த ஒருவர், அந்த வார்ப்போடு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே கட்டளை ஒரு கணினியில் பாதுகாப்பானது, பக்கத்துக் கணினியில் பேரழிவு. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு திரையில் எங்கும் தெரியாத ஒரு மொழி அமைப்பு. 2019 இல் வந்த பாஷின் 5.0 பதிப்பு முதல் இப்படியான எல்லைகள் ஆஸ்கி வரிசைப்படியே எடுத்துக்கொள்ளப்படும் என்று இயல்பாக அமைத்துவிட்டார்கள். பழைய பதிப்புகள் ஓடும் இயந்திரங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லையை எழுதுவதற்குப் பதிலாக, அடைப்புக்குறிக்குள் ‘சிம்பிள் எழுத்து வகை’ என்று வகைப் பெயரைக் கொடுக்கும் முறை பாஷில் உண்டு. எந்த மொழி அமைப்பிலும் நினைத்தது நடக்க அதுவே வழி.

மற்ற இயங்குதளங்கள் ஏன் வேறு வழியில் போயின? டொஸ் என்ற பழைய இயங்குதளம் பெயர்களை எட்டு எழுத்து, பின்னொட்டு மூன்று எழுத்து என்று கப்பிட்டலிலேயே பதிந்தது. நீங்கள் எதில் தட்டச்சு செய்தாலும் அது கப்பிட்டலாக மாறிவிடும், கேள்விக்கே இடமில்லை. 1995 இல் விண்டோஸில் நீண்ட பெயர்கள் வந்தபோது, நீங்கள் எழுதியபடி வைத்துக்கொள்வோம், ஆனால் தேடும்போது பேதம் பார்க்கமாட்டோம் என்ற சமரசத்துக்கு வந்தார்கள். மெக்கும் அதே சமரசத்தில்தான் இருக்கிறது. சாதாரண பாவனையாளருக்கு இது வசதி என்பதை மறுக்க முடியாது. தொலைபேசியில் ஒருவருக்குக் கோப்பின் பெயரைச் சொல்லும்போது எது கப்பிட்டல் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் ‘பேதம் பார்க்காதே’ என்று சொல்வது எளிது, செய்வது கடினம். துருக்கிய மொழியில் ஐ என்ற ஆங்கில எழுத்து இரண்டு எழுத்துகள்: புள்ளியுள்ளது ஒன்று, புள்ளியில்லாதது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கப்பிட்டலும் சிம்பிளும் உண்டு. ஆங்கிலத்தில் சோடியாக இருக்கும் கப்பிட்டல் ஐயும் சிம்பிள் ஐயும் துருக்கியருக்குச் சோடி அல்ல. அப்படியானால் ஒரு கோப்பு முறைமை யாருடைய விதிப்படி ஒப்பிட வேண்டும்? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை ஒரு தந்திரம் செய்கிறது. எந்த எழுத்துக்கு எது கப்பிட்டல் என்ற அட்டவணையை வன்தட்டிலேயே எழுதி வைத்துவிடுகிறது, பயனர் எந்த நாட்டவர் ஆனாலும் அந்த வன்தட்டுக்கு அதுதான் சட்டம்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பேதம் பார்க்காத கோப்பு முறைமைகளைப் பல ஆண்டுகளாகக் கடுமையாக எதிர்ப்பவர், 2025 இல்கூடப் பகிரங்கமாக அதைச் சாடினார். அவரது கோபத்துக்கு வலுவான ஆதாரம் 2014 டிசம்பரில் கிடைத்திருந்தது. கிட் என்பது உலகெங்கும் நிரலாளர்கள் பாவிக்கும் மென்பொருள். அது தன் வீட்டுக் கணக்குகளை, புள்ளியில் தொடங்கிச் சிம்பிளில் கிட் என்று பெயரிட்ட மறைவான கோப்புறைக்குள் வைத்திருக்கும். வெளியாரின் தொகுப்பிலிருந்து எதுவும் அந்தக் கோப்புறைக்குள் எழுதப்படாதபடி அது காவல் காத்தது. ஆனால் காவல் சிம்பிள் பெயருக்கு மட்டும்தான். கெட்ட எண்ணம் கொண்டவர் கப்பிட்டல் எழுத்துக் கலந்து அதே பெயரில் ஒரு கோப்புறையைத் தன் தொகுப்பில் வைத்தால் கிட் அதை வேறு பெயர் என்று நினைத்து அனுமதிக்கும். விண்டோஸும் மெக்கும் அதை அதே கோப்புறை என்று நினைத்து உள்ளே எழுதும். அந்தக் கோப்புறையின் அமைப்புக் கோப்பில் இயக்க வேண்டிய கட்டளைகளையும் எழுதலாம் என்பதால், அந்நியர் ஒருவர் உங்கள் கணினியில் தன் கட்டளையை ஓடவிடலாம். லினக்ஸ் கணினிகள் தப்பின. அவசரமாகத் திருத்தப் பதிப்புகள் வெளியிடப்பட்டன. 2021 மார்ச்சில் இதே இடைவெளியின் இன்னொரு வடிவத்துக்கு மறுபடியும் திருத்தம் தேவைப்பட்டது.

இரண்டு முகாம்களும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தும் இருக்கின்றன. 2018 இல் விண்டோஸ் 10, வேண்டிய கோப்புறைக்கு மட்டும் பேதம் பார்க்கும் வசதியைக் கொடுத்தது. 2019 இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, வேண்டிய கோப்புறைக்கு மட்டும் பேதம் பார்க்காத வசதியைக் கொடுத்தது. ஆகவே இனி ‘லினக்ஸ் என்றால் இப்படி, விண்டோஸ் என்றால் அப்படி’ என்றுகூட அடித்துச் சொல்ல இயலாது. ஒரே கணினிக்குள் கோப்புறைக்குக் கோப்புறை சட்டம் மாறலாம்.

தமிழில் கப்பிட்டல் இல்லையே, தமிழில் பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். நானும் என் கோப்புகள் பலவற்றுக்குத் தமிழில்தான் பெயர் வைக்கிறேன். கப்பிட்டல் இல்லை என்பது உண்மை, தொல்லை இல்லை என்பது உண்மையல்ல.

கொழும்பு என்ற சொல்லை எடுங்கள். ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. யுனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ககரமும், ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியீடாகவும் வருவது ஒன்று. ககரம், ஒற்றைக்கொம்பு, அரவு என்று மூன்று துண்டுகளாக வருவது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றே. யுனிகோட் விதியும் அவை சமம் என்கிறது. ஆனால் லினக்ஸ் இலக்கங்களை மட்டும் பார்ப்பதால் அதற்கு இவை இரண்டு பெயர்கள். மெக் கணினிகளில் நெடுங்காலம் இருந்த பழைய கோப்பு முறைமை பெயர்களைத் துண்டாக்கியே பதிந்தது. அங்கே உருவான ‘கொழும்பு’ லினக்ஸுக்கு வந்தால், விசைப்பலகையில் ஒரே குறியீடாகக் கொ தட்டச்சு செய்து தேடுபவருக்கு அது கிடைக்காது. பட்டியலில் கண்ணெதிரே இருக்கும், கூப்பிட்டால் வராது. ஒரே எழுத்தைக் குறிக்கும் கேள்விக்குறி வார்ப்பும் நமது எழுத்தை எழுத்தாக எண்ணுவதில்லை. கொ என்பதற்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி போட்டால் பொருந்தாது. ஒருவகைக் கொவுக்கு இரண்டு கேள்விக்குறிகள் தேவை, மற்ற வகைக்கு மூன்று.

இதைவிடச் சிக்கலானது ஸ்ரீ. 2005 இல் யுனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்க்கப்படும் வரை ஸ்ரீயை ஸகரத்தில் தொடங்கித்தான் எழுதினோம். அதன் பிறகு ஶகரத்தில் தொடங்குவதே பரிந்துரைக்கப்பட்ட முறையானது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரிகின்றன. கொவைப் போல இவை சமம் என்று யுனிகோட் சொல்வதுமில்லை. நாட்டின் பெயரே ஸ்ரீயில் தொடங்கும் இடத்தில், ஆட்களின் பெயர்களில் ஸ்ரீ நிறைந்த இடத்தில், ஒரு ஆவணக் களஞ்சியத்துக்கு இது சின்ன விடயமல்ல. நோகேஸ்குளோப் இதற்கு உதவாது. அதற்குத் தெரிந்தது கப்பிட்டலும் சிம்பிளும் மட்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில. பிரதி செய்யும் முன்னர் கோப்புறையில் எத்தனை கோப்புகள், பின்னர் சேருமிடத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இலக்கங்களும் பொருந்தும்வரை மெமரி காட்டைத் தொட வேண்டாம். பின்னொட்டை வைத்துத் தேடுவதானால், ஃபைண்ட் கட்டளையில் பேதம் பார்க்காமல் பெயர் தேடும் ஐநேம் தெரிவைப் பாவியுங்கள், அல்லது வார்ப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு வடிவங்களையும் சதுர அடைப்புக்குள் கொடுங்கள். அழிக்கும் கட்டளைக்கு முன்னர் அதே வார்ப்பை எக்கோ கட்டளைக்குக் கொடுத்தால், ஷெல் விரித்த பட்டியல் எதையும் அழிக்காமல் திரையில் வரும். இணையத்தளம் நடத்துபவர்கள் படங்களின் பெயர்களை முழுவதும் சிம்பிளில் வைப்பது நல்லது. உங்கள் விண்டோஸ் கணினியில் தெரிந்த படம் லினக்ஸ் வழங்கியில் ஏறியதும் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரு கப்பிட்டல்தான் காரணம்.

தமிழ்ப் பெயர்களுக்குக் கொன்வ்எம்வி என்ற சிறிய கருவி இருக்கிறது. துண்டு துண்டான கொக்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். முதலில் எதையும் மாற்றாமல், என்ன மாற்றப்போகிறேன் என்று மட்டும் காட்டும், ஒப்புதல் தந்தால்தான் மாற்றும். ஸ்ரீயை அது தொடாது. ஆகவே அந்த எழுத்தில் தொடங்கும் கோப்புகளை நான் இப்போதும் இரண்டு தடவை தேடுகிறேன். ஒரு தடவை ஸ்ரீ என்று, மறு தடவை ஶ்ரீ என்று.